கட்டுப்படியாகும் வீடு: சொல் விளக்கம்

'அஃபோர்டபிள் ஹவுசிங்' என்பதைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'மலிவு விலை வீடு' என்று எழுதுகிறோம். சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் 'கட்டுப்படியான விலை' என்று வருகிறது. சிங்கப்பூர் வழக்கே சரி.

மலிவு, 'மலிதல்' என்ற வினையிலிருந்து வந்தது. மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல். சந்தையில் தக்காளி மலிந்தால் விலை இறங்கும். அப்படித்தான் அந்தச் சொல் குறைந்த விலையைக் குறிக்கலாயிற்று. அது பொருளைப் பற்றிய சொல். கட்டுப்படி ஆளைப் பற்றியது. 'கட்டு' என்றால் வரம்பு. "அந்த விலைக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்று கடைக்காரர் சொன்னால் தன் கொள்முதல் விலையை நினைத்துச் சொல்கிறார்; வாங்க வந்தவர் சொன்னால் தன் வருமானத்தை நினைத்துச் சொல்கிறார்.

சிங்கப்பூரில் இந்த வரம்புக்குக் கணக்கே உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) என்ற அரசு அமைப்பின் வீட்டுக்கு வாங்கும் கடனின் மாதத் தவணை, மொத்த மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 9,000 வெள்ளி ஈட்டும் குடும்பத்துக்கு அது 2,700 வெள்ளி. 2.6 விழுக்காடு வட்டி, 25 ஆண்டுத் தவணை என்று போட்டால் சுமார் 595,000 வெள்ளிக்குமேல் கடன் கிடைக்காது.

வீட்டுச் சந்தைக்கு வரும் வெளிநாட்டு முதலீட்டாளரின் பணமோ வேறெங்கோ ஈட்டியது. உள்ளூர்ச் சம்பளம் என்ற கட்டு அதற்கு இல்லை. வீவக வீட்டை அவர் வாங்க முடியாது; நிலத்தோடு கூடிய தரைவீட்டுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆகவே பணம் கூட்டுரிமை வீடுகளுக்கு, அதாவது தனியார் அடுக்குமாடி (காண்டோமினியம்) வீடுகளுக்குப் போகிறது. அங்கே விலை ஏறினால், வீவகவிலிருந்து அங்கே மாற நினைத்த குடும்பம் பெரிய மறுவிற்பனை வீவக வீட்டுக்குப் போட்டியிடும். முதல் வீடு தேடும் இளம் தம்பதிக்கு அந்த விலையும் எட்டாமல் போகும். மாடிக் கட்டடங்கள் மலிந்தும் விலை மலியாத நிலை இது.

இதை அடக்கத்தான் 2011 டிசம்பரில், வீடு வாங்குபவர் வழக்கமான முத்திரைத் தீர்வைக்கு மேல் கட்டும் வரியாகக் கூடுதல் முத்திரைத் தீர்வை வந்தது. வெளிநாட்டினருக்கு முதலில் 10 விழுக்காடு. 2013இல் 15, 2018இல் 20, 2021இல் 30, 2023 ஏப்ரல் 27 முதல் 60. இரண்டு மில்லியன் வெள்ளி வீட்டுக்குக் கூடுதல் தீர்வை மட்டும் 1.2 மில்லியன், வழக்கமான தீர்வை 69,600 தனி. சிங்கப்பூரில் கையெழுத்தான ஆவணத்துக்கு 14 நாளில் கட்டிவிட வேண்டும். அமெரிக்கக் குடிமக்களுக்கும் ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து நாட்டவருக்கும் வர்த்தக உடன்பாடுகளால் உள்ளூர்க் குடிமக்களின் விகிதமே. தீர்வை போட்டியைத்தான் குறைக்கும். புது வீடு எதையும் கட்டித்தராது. அதற்கு நிலமும் கட்டுமானமும் வேண்டும்.

'வாங்கும் திறன்' என்பதை இதற்கு ஈடாக எழுத வேண்டாம். அது பணத்தின் மதிப்பைச் சொல்வது. 'வீட்டு விலை மக்களுக்குக் கட்டுப்படியாகவில்லை' என்று எழுதினாலே போதும். வீட்டு விலை வருமானத்துக்குக் கட்டுப்படியாகிறதா என்று அளக்கும் குறியீட்டுக்குப் பெயர் வேண்டுமென்றால் 'வீட்டுக் கட்டுப்படிக் குறியீடு' எனலாம்.