காளான் அறை கொதிக்கிறதா? ஃபேன் வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே புகார்தான்: "விதை சரியில்லைங்க." சிப்பிக்காளான் படுக்கை (வைக்கோலும் காளான் விதையும் அடைத்த பை) போட்டு இருபது நாளாகியும் மொட்டைக் காணோம். வந்தாலும் காம்பு நீண்டு, குடை பொத்தான் அளவில் நிற்கிறது. பைக்குள் அங்கங்கே பச்சை பிடிக்கிறது. விதையில் கோளாறே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு அறையில்தான் இருக்கிறது.

வீட்டில் சும்மா கிடந்த ஓர் அறை, மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒரு கொட்டகை. தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள், அதில் தப்பில்லை. ஈரம் போய்விடுமே என்ற பயத்தில் ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றையும் தார்ப்பாய் கட்டி அடைத்துவிடுவதில்தான் வினை ஆரம்பிக்கிறது. படுக்கைக்குள் இருப்பது உயிர். பூசண இழை வைக்கோலைத் தின்று மூச்சுவிடும்போது கரியமில வாயுவோடு வெப்பமும் வெளியாகிறது. அதனால் படுக்கையின் நடுப்பகுதி அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். பைகளை நெருக்கி அடுக்கினால் இன்னும் ஏறும். சுவரில் மாட்டிய வெப்பமானி 29 காட்டுகிறதே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். நீள ஊசி வைத்த வெப்பமானியைப் பைக்குள் குத்திப் பாருங்கள், 33 காட்டும். அந்தச் சூட்டில் சிப்பிக்காளான் இழை தயங்கும், பச்சைப் பூசணம் கொண்டாடும். காம்பு நீள்வதற்கும் குடை சிறுப்பதற்கும் காரணம் தேங்கிய கரியமில வாயு. இரண்டுக்கும் மருந்து காற்றோட்டம்தான்.

உடனே எல்லோரும் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனாக வாங்கி மாட்டுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டு வாங்கலாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் ஒன்பது அடி என்றால் உள்ளே சுமார் 30 கன மீட்டர் காற்று இருக்கும். காளான் மூச்சுவிட மணிக்கு ஐந்து முறை காற்று மாறினால் போதும், அதாவது 150 கன மீட்டர். சின்ன ஃபேனே இதற்குத் தாராளம். வெப்பத்தை வெளியே தள்ளுவது வேறு கணக்கு. மணிக்கு 100 கன மீட்டர் காற்று உள்ளே வந்து 3 டிகிரி சூடேறி வெளியே போனால், அது சுமந்து செல்லும் வெப்பம் சுமார் 100 வாட், அவ்வளவுதான். மே மாத உச்சி வெயிலில் நிழல் இல்லாத ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இந்த அளவு அறைக்குள் பல நூறு வாட் வெப்பத்தை இறக்கும். 800 வாட் என்றே வைத்துக்கொள்வோம். அதை ஃபேனால் மட்டும் வெளியேற்ற வேண்டுமானால் மணிக்கு 800 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். அவ்வளவு காற்று ஓடினால் மொட்டுகள் ஒரே பகலில் காய்ந்து பழுப்பாகிவிடும். கூரைச் சூட்டை ஃபேனால் ஜெயிக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சூட்டைக் கூரையிலேயே நிறுத்துங்கள். ஷீட்டின் மேல் தென்னங்கீற்று வேயலாம். அது முடியாவிட்டால் ஷீட்டுக்கு ஓரடி மேலே கம்பி கட்டி நிழல்வலை விரிக்கலாம். வலை ஷீட்டைத் தொடக்கூடாது. நடுவில் காற்று ஓட இடம் விட்டால்தான் பலன். இரண்டு பூச்சுச் சுண்ணாம்புகூட நல்ல வித்தியாசம் காட்டும், முதல் நல்ல மழையில் கரைந்து போகும் என்பதுதான் சங்கடம். மாடி அறையில் மேல்தளம் காங்கிரீட்டாக இருந்தால், பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அங்கேயும் மேலே நிழல்தான் முதல் வேலை.

அடுத்தது, ஃபேன் எங்கே இருக்கிறது என்பது. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் அக்கா வீட்டை ஒட்டிய அறையில் படுக்கை போட்டிருந்தார். "ஃபேன் ஓடிட்டுத்தானுங்க இருக்குது, இருந்தும் உள்ள நின்னா மூச்சு முட்டுதுங்க" என்றார். ஃபேன் வாசற்கதவுக்கு நேர் மேலே இருந்தது. ஓர் ஊதுபத்தி வாங்கிப் பற்றவைத்தேன். கதவருகே புகை சரேலென்று மேலே ஏறி ஃபேனுக்குள் போயிற்று. கடைசி வரிசைப் படுக்கைகளுக்கு நடுவே பிடித்தால் அப்படியே நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. கதவிடுக்கில் நுழைந்த காற்று குறுக்கு வழியில் வெளியேறிக்கொண்டிருந்தது, அறையை அது தொடவே இல்லை. ஃபேனைக் கழற்றாமலேயே சரிசெய்தோம். கதவிடுக்குகளை அடைத்து, எதிர்ச்சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இரண்டு செங்கல் வரிசையை எடுத்து வலை அடித்தோம். காற்று கீழே நுழைந்து, படுக்கைகளுக்கிடையே ஊர்ந்து, மேலே வெளியேற வேண்டும். "மறுபடி பத்தியப் புடிச்சுப் பாருங்க சார்" என்று அவரே கேட்டார். இம்முறை புகை சாய்ந்து போனது.

காற்று நுழையும் திறப்பு ஃபேனின் பரப்பைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். காளான் ஈக்காக அடிக்கும் நெருக்கமான வலை காற்றை நிறையத் தடுக்கும், தூசும் காளான் குடையிலிருந்து உதிரும் வித்துத்தூளும் படிந்தால் ஏறக்குறைய அடைத்தே விடும். ஃபேன் பெட்டியில் மணிக்கு 400 கன மீட்டர் என்று போட்டிருந்தால், வலையும் குழாயும் சேர்ந்தபின் பாதி கிடைத்தாலே சந்தோஷம். வாரம் ஒருமுறை வலையைக் கழுவுங்கள். ஃபேன் சத்தம் கேட்கிறது என்பதற்காகக் காற்று ஓடுகிறது என்று நம்பிவிடாதீர்கள்.

இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பற்றி. உள்ளே 28 தாண்டினால் ஃபேன் ஓடும்படி வைக்கிறார்கள். வெளியே 38 டிகிரி அடிக்கும் மத்தியானத்தில் அந்தக் கருவி என்ன செய்யும்? வெளிச் சூட்டை விடாமல் உள்ளே இழுக்கும், ஃபேன் நிற்கவே நிற்காது. காற்றோட்டத்தால் மட்டும் அறையை வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. கோடையில் எனக்குச் சரிப்பட்டு வந்தது டைமர்தான். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை நன்றாக ஓட்டி, சுவர், தரையில் பரப்பிய மணல், படுக்கை எல்லாவற்றையும் குளிரவிடலாம். பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை மணிக்கு ஐந்து நிமிடம் போதும், அதுவும் நனைந்த சாக்கு வழியாக வரும் காற்றாக இருக்கட்டும்.

சாக்குக்கும் ஓர் எல்லை உண்டு, அது ஊருக்கு ஊர் மாறும். ஈரோட்டில் 38 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் இருக்கும் மத்தியானம், நனைந்த சாக்கு காற்றை அதிகபட்சம் 24, 25 வரை இறக்கலாம். நடைமுறையில் 28, 29 கிடைக்கும், சமாளித்துவிடலாம். சென்னையில் 36 டிகிரியோடு 60 சதவீத ஈரப்பதம் என்றால் அடி எல்லையே 29க்கு மேல், கையில் கிடைப்பது 31. எத்தனை சாக்கு தொங்கவிட்டாலும் அதற்குக் கீழே வராது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது, ஏப்ரல் முதல் ஜூன் வரை சிப்பிக்காளானோடு மல்லுக்கட்ட வேண்டாம், பால்காளானுக்கு மாறுங்கள். அது 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே. 2 ரகம் கிடைக்கிறது. ஸ்பிளிட் ஏ.சி. போடலாமா என்பார்கள். அது உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும், ஈரத்தையும் உறிஞ்சும், வித்துத்தூள் அதன் காயிலை அடைக்கும். மின் கட்டணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்றில்லாத அறையால் ஆட்களுக்கும் கேடு உண்டு, இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. சிப்பிக்காளான் முற்றினால் வித்துத்தூள் புகைபோல அறையில் மிதக்கும். அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, சாயங்காலமானால் காய்ச்சல் போல உடல்வலி வரலாம். ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி அது, சளிக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெடவும் கூடும். குடையின் ஓரம் மேல்நோக்கி விரியும் முன்பே பறித்துவிடுங்கள். உள்ளே போகும் முன் கால்மணி நேரம் ஃபேனை ஓட்டி, என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களை அறுவடைக்கு அனுப்ப வேண்டாம். ஃபேன் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருந்தால் திருப்பி வையுங்கள்.

கடைசியாக ஒயரிங். எந்நேரமும் ஈரம் சொட்டும் அறையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டு ஃபேன் ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. சுவிட்சும் பிளக்கும் அறைக்கு வெளியே இருக்கட்டும். அந்த லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) போடச் சொல்லுங்கள், ஃபேனுக்கு எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தெளிக்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டுத் தெளியுங்கள்.