தொல்லியல் இடத்தருகே உணவு வண்டி: எந்த அலுவலகத்தில் என்ன கேட்பது

புதுச்சேரியில் நினைவுச் சின்னம் ஒன்றுக்குப் போகும் சாலையோரம் வேனை நிறுத்திச் சோறும் மீன் குழம்பும் விற்றுவந்த ஒரு பெண்ணின் கோப்பை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, வேனின் ஆர்.சி. புத்தகம், காப்பீடு, வங்கிக் கடன் கடிதம், மருத்துவச் சான்று என எல்லாம் அதில் இருந்தன. வண்டியை அந்த இடத்தில் நிறுத்தி விற்கும் உரிமையைத் தருகிற தாள் மட்டும் இல்லை. அவர் ஏறி இறங்கிய மூன்று அலுவலகங்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. வண்டியை இழுத்துச் சென்ற அன்றுதான் அவருக்கு அது தெரிந்தது.

அந்தத் தாளின் பெயர் விற்பனைச் சான்றிதழ். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்பின் நகர விற்பனைக் குழு அதைத் தர வேண்டும். குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். சிக்கலெல்லாம் கவுன்ட்டருக்கு முன்னால்தான் தொடங்குகிறது.

முதலில், உங்கள் இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று பாருங்கள். இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கு எழுதப்பட்டது. புதுச்சேரி நகராட்சியிலோ உழவர்கரை நகராட்சியிலோ நின்றால் வழி நேரானது. ஆனால் பழைய துறைமுகம் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரிக்கமேடு இருப்பது அரியாங்குப்பம் கொம்யூன் (நகராட்சிக்கு வெளியே உள்ள ஊர்களுக்கான பஞ்சாயத்து) பகுதியில். பாகூர் மூலநாதர் கோயில் பாகூர் கொம்யூனில். அங்கே நிற்பவரை நகராட்சி ‘உங்கள் கொம்யூனுக்குப் போங்கள்’ என்று அனுப்புவதும், கொம்யூன் ‘அது நகராட்சிச் சட்டம்’ என்று திருப்பி அனுப்புவதும் நடக்கும். இதில் வாய்ப்பேச்சை நம்பி அலைய வேண்டாம். மனுவைக் கொம்யூன் ஆணையருக்கு எழுதித் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பதானால் எழுத்தில் மறுக்கட்டும். எழுத்தில் இருக்கும் மறுப்பை வைத்துத்தான் மேலே போக முடியும். கவுன்சிலரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்ற பழைய வழியும் இங்கே பல ஆண்டுகளாக அடைந்து கிடந்தது. 2006 உள்ளாட்சித் தேர்தலில் வந்த மன்றங்களின் காலம் முடிந்த பிறகு அதிகாரிகளே எல்லாவற்றையும் நடத்தினார்கள்.

அடுத்த பொறி தகுதியில் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும்: வியாபாரத்தை நானோ என் குடும்பத்தினரோதான் செய்வோம், எனக்கு வேறு பிழைப்பு இல்லை, சான்றிதழை வாடகைக்கு விடமாட்டேன் என்பது அதன் சாரம். வேன் ஒருவருடையதாகவும் அடுப்பில் நிற்பவர் இன்னொருவராகவும் இருக்கும் வண்டிகள் ஏராளம். முதலாளி தன் பெயரில் வாங்கிவிடுகிறார், பிறகு ஆய்வு வரும்போது உழைக்கிறவர் தெருவில் நிற்கிறார். நீங்கள் அடுப்பில் நிற்பவரானால், அடுத்தவர் பெயரில் இருக்கும் சான்றிதழை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

‘தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, அடுத்தது ஐந்து ஆண்டு கழித்துத்தான்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது மிகப் பழகிய பதில். அது பாதி உண்மை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும் என்பது சரி. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே வருகிறவருக்கும், இடம் தாங்குமானால், குழு சான்றிதழ் தரலாம் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதிவிடுங்கள். எண்ணைப் பார்த்ததும் பதிலின் தொனி மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

இனி, நினைவுச் சின்னத்தின் பெயரால் வரும் அலைச்சல். மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இதைக் காட்டித் ‘தொல்லியல் துறையின் தடையின்மைச் சான்று கொண்டு வா’ என்பார்கள். அந்தத் தடை கட்டுமானத்துக்கு உரியது. சக்கரத்தில் நின்று மாலையில் கிளம்பிவிடும் வேன் கட்டுமானம் ஆகாது. ஆனால் வெயிலுக்கு என்று நான்கு கம்பத்தை சிமென்ட் போட்டு நட்டு மேலே தகரம் வேய்ந்தீர்களானால், அன்றே வேறொரு சட்டத்துக்குள் போய்விடுகிறீர்கள். அதில் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சின்னத்தின் வளாகத்துக்குள் அனுமதி இல்லாமல் கூவி விற்கவும் கூடாது. வாசலுக்கு வெளியே இருக்கும் சாலை உள்ளாட்சியின் பொறுப்பு. அங்கே விற்பனைக்குத் தடை உண்டு என்றால், அதை அறிவித்த உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் பக்கம் கண் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வியாபாரம் நடக்கும் நேரமே அதுதான். வேனுக்குக் கடன் வாங்கும் முன்பே இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம். ஆனால் அது சமையலைப் பற்றியது, இடத்தைப் பற்றியது அல்ல. தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதிக் கடன் கிடைத்தாலும் அப்படித்தான், அது இடத்துக்கு உரிமை தராது. வேனின் பின்பக்கத்தை அறுத்துச் சமையலறையாக்குபவர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். வீட்டு சிலிண்டரை வண்டியில் வைக்காதீர்கள், கடைக்குரிய 19 கிலோ சிலிண்டர்தான் வேண்டும். பிடிக்க வருபவர்களுக்கு எளிதில் கிடைக்கும் காரணம் வீட்டு சிலிண்டர்தான்.

சான்றிதழின் நிபந்தனைப்படி விற்பவரைக் காவல்துறை உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்கிறது தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு. இடத்தை மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் கையெழுத்திட்ட பட்டியலின் நகலை அங்கேயே கேட்டு வாங்குங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. உரிமை கோரினால் கெட்டுப்போகும் பொருளை அன்றே, மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அந்தப் பெண்ணிடம் பட்டியல் இல்லை. பாத்திரங்கள் எத்தனை என்பதே வழக்காகிவிட்டது.

மனு கொடுத்து அசைவே இல்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்டால் ‘அது தகவல் அல்ல’ என்று தள்ளிவிடுவார்கள். நகர விற்பனைக் குழு கடைசியாகக் கூடிய தேதி, அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல், விற்பனை தடை செய்யப்பட்ட சாலைகளின் பட்டியல், இன்ன தேதியில் நான் கொடுத்த மனு இப்போது எந்த அதிகாரியின் மேசையில் இருக்கிறது என்ற விவரம், இந்த நான்கை மட்டும் கேளுங்கள்.