பாஸ்போலாம்பன்: வாங்கியதும் வழிவிடும் புரதம்

தை மாதம் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மாடு பாய்ந்து வரும்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நிற்கிறவனுக்கும் நெஞ்சு படபடவென்று அடிக்கும். 'அட்ரினலின் ஏறிடுச்சு' என்போம். ஏறிய அட்ரினலின் இதயத் தசைக்குள் யாரைப் போய்த் தட்டுகிறது என்று தேடினால் கடைசியில் வந்து நிற்கிற பெயர்களில் ஒன்றுதான் பாஸ்போலாம்பன்.

பெயர் பயமுறுத்துகிறது, ஆனால் பிரித்தால் எளிது. பாஸ்போ என்பது பாஸ்பேட். லாம்பனைன் என்ற கிரேக்க வினைக்கு எடு, பெறு, வாங்கு என்று பொருள். 1970களின் நடுவில் ஆர்னால்ட் காட்ஸ், மிச்சிஹிகோ தாடா முதலியோர் இதயத் தசையில் பாஸ்பேட்டை ஏற்கும் ஒரு புரதத்தைக் கண்டு இப்படிப் பெயர் வைத்தார்கள். வெறும் 52 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம்.

சரி, அது என்ன செய்கிறது? இதயத் தசைச் செல்லுக்குள் ஒரு சேமிப்புப் பை உண்டு. அதிலிருந்து கால்சியம் வெளியே கொட்டினால் தசை சுருங்கும், திரும்பப் பைக்குள் போனால் தளரும். அந்தக் கால்சியத்தை அள்ளி உள்ளே ஏற்றும் பம்புக்கு செர்கா என்று பெயர். சாதாரண நேரத்தில் பாஸ்போலாம்பன் இந்தப் பம்பைப் பிடித்து வைத்திருக்கும், வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல் மாதிரி. அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளிச்சவ்வில் உள்ள பீட்டா ஏற்பியைத் தொடும், உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகும், அது புரத கைனேஸ் ஏ என்ற நொதியை எழுப்பும், அந்த நொதி பாஸ்போலாம்பனின் 16-வது இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். வாங்கியதும் பிடி தளரும், பம்பு வேகமெடுக்கும்.

இங்கே பலர் தவறவிடுவது, வேகமாகத் துடிக்க வேகமாகத் தளரவும் வேண்டும் என்பதை. நிமிடத்துக்கு 150 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.4 நொடிதான், அதற்குள் சுருங்கி, தளர்ந்து, ரத்தம் நிரம்பியாக வேண்டும். பையில் கால்சியம் கூடுதலாகச் சேர்வதால் அடுத்த சுருக்கமும் பலமாக இருக்கும். (கால்சியம் என்றதும் களி தின்றால் இதயம் பலமாக அடிக்குமா என்று கேட்காதீர்கள். கேழ்வரகில் கால்சியம் நிறைய உண்டு, ஆனால் ரத்தத்தில் அதன் அளவை உடல் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது.)

தமிழில் என்ன சொல்லலாம்? 'பம்புத்தடைப் புரதம்' என்றால் வேலை புரியும், ஆனால் பெயரின் பொருள் போய்விடும். ஒலிவாங்கி, இடிதாங்கி, சுமைதாங்கி என்று அழகாக ஆக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கும்போது 'பாஸ்பேட் வாங்கி' என்பதுதான் என் தேர்வு. வாங்கிக்கொண்டு வழிவிடுகிற ஆட்களை நாம் பார்க்காததா, யாருக்கும் விளக்கவே வேண்டாம். அட்ரினலின் போன்ற ஹார்மோனுக்கு இயக்குநீர் என்பது ஏற்கெனவே நல்ல சொல். ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் 1905-ல் ஹார்மோன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது எடுத்த கிரேக்க வேருக்கும் 'தூண்டி ஓடவை' என்றுதான் பொருள்.

அப்புறம், தைராய்டு. அந்தச் சுரப்பியின் இயக்குநீர், அட்ரினலின் மாதிரி வாசலில் நிற்காமல் செல்லின் உட்கருவுக்கே போய் செர்காவை அதிகமாகவும் பாஸ்பேட் வாங்கியைக் குறைவாகவும் செய்ய வைக்கும். தைராய்டு மிகுந்தவர்களுக்கு மாடே வராமல் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு படபடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.