கவுன்சிலிங் என்றால் ஆலோசனையா?

'விபத்தில் காயமடைந்தவர்களுக்கு மனநல ஆலோசனை வழங்கப்பட்டது.' இந்த வாக்கியத்தைச் செய்திகளில் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. நிவாரணத் தொகை வழங்கலாம், போர்வை வழங்கலாம். கவுன்சிலிங்கை அப்படி ஒரே நாளில் வழங்கி முடித்துவிட முடியாது. 'ஆலோசனை' என்று எழுதப்போய்த்தான் 'வழங்கப்பட்டது' என்ற வினையும் வந்து ஒட்டிக்கொண்டது.

'கவுன்சிலிங்' என்ற சொல்லின் மூலம் இலத்தீனின் 'கன்சிலியம்'. கலந்து எண்ணுதல், அறிவுரை இரண்டும் அதன் பொருள். 1908இல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்குத் தொழில் தேர்வில் வழிகாட்டத் தொடங்கியதிலிருந்து அது ஒரு துறையானது. அதுவரை அறிவுரை என்பது பொருந்தும். 1942இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் எழுதிய நூல் அதைத் திருப்பிப் போட்டது. வழி சொல்வது கவுன்சிலரின் வேலையல்ல, வந்தவர் தம் வழியைத் தாமே காணும்வரை உடனிருப்பதே வேலை என்றார். சொல் அதேதான், பொருள் நகர்ந்துவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்டார்கள்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள், விபத்தில் பிழைத்த ஒருவரின் வீட்டை எண்ணிப் பார்க்கட்டும். மாவுக்கட்டோடு படுத்திருப்பவரைப் பார்க்க ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக உறவுகள் வருகின்றன. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோ மாப்ளே." "அதையே நெனச்சிட்டிருக்காதப்பா, மறந்துடு." "அந்த வண்டி ராசியில்ல, வித்துடு." அத்தனையும் ஆலோசனை. அவருக்கோ லாரி ஹாரன் கேட்டால் உள்ளங்கை வியர்க்கிறது. கண்ணை மூடினால் கண்ணாடி நொறுங்கும் சத்தம். இவரிடம் "மனநல ஆலோசனைக்குப் போய் வாருங்கள்" என்றால், இதையே இன்னொருவர் காசு வாங்கிக்கொண்டு சொல்வார் என்றுதானே நினைப்பார்? இந்தத் தொல்லைகள் ஒரு மாதத்தையும் தாண்டினால் மருத்துவர்கள் அதை நோயாகவே கணிக்க இடமுண்டு. உதவி தேவைப்படும் நேரத்தில் ஒரு தவறான சொல் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

கவுன்சிலிங்கில் நடப்பதே வேறு. காரைக் கண்டாலே நடுங்குபவர், முதலில் எஞ்சின் அணைத்து நிறுத்திய காரில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பதற்றம் தானாகத் தணியும்வரை இறங்குவதில்லை. பிறகு வேறொருவர் ஓட்ட, தெருமுனை வரை. பிறகு பெரிய சாலை. மோதிய அந்தச் சந்திப்பு கடைசியில்தான். அடுத்த படிக்கு எப்போது போவது என்பதில் அவர் ஒப்புதல் வேண்டும். இதில் ஆலோசனை எத்தனை பங்கு?

சரி, வேறு என்ன சொல்வது? 'கலந்தாய்வு' என்று ஒன்று இருக்கிறது. அதைப் பொறியியல், மருத்துவச் சேர்க்கை எடுத்துக்கொண்டுவிட்டது. 'கவுன்சிலர்' என்றே விட்டால் வார்டு உறுப்பினர்தான் நினைவுக்கு வருவார்.

இலங்கைத் தமிழர் வழங்கும் 'ஆற்றுப்படுத்தல்' அழகான சொல். ஆற்றுதல் என்ற ஆறுதலும் அதில் ஒலிக்கிறது. ஆனால் ஆற்றுப்படை என்பது, பரிசில் பெற்றுத் திரும்புபவன் எதிர்ப்பட்ட வறியவனுக்கு வள்ளலின் ஊரைக் காட்டி அனுப்புவது. காட்டியவன் கூடப் போவதில்லை. எலும்பு மருத்துவர் தம் நோயாளியை மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறாரே, அதற்குத்தான் இது கச்சிதம். 'பரிந்துரைக்கப்பட்டார்' என்பதைவிட 'ஆற்றுப்படுத்தப்பட்டார்' எவ்வளவோ மேல்.

கவுன்சிலிங்குக்கு உரிய சொல்லும் இலங்கையிலேயே இருக்கிறது: உளவளத்துணை. செய்பவர் உளவளத்துணையாளர். வழித்துணை, பேச்சுத்துணை என்று நாம் நாளும் புழங்கும் துணைதான். துணைக்கு வருபவர் முன்னால் நின்று இழுப்பதில்லை, கூட நடக்கிறார். நீளம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. 'மாவட்ட ஆட்சியர் அலுவலகம்' என்று நாள்தோறும் எழுதும் கைகளுக்கு ஏழெழுத்து பாரமாகாது.

மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். அவர் தருவது சிகிச்சை, அதை இதோடு குழப்ப வேண்டாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற இந்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். அந்த எண்ணைச் செய்தியிலோ சுவரொட்டியிலோ போடுபவர்கள், மேலே 'ஆலோசனை பெற' என்று எழுதாமல் 'உளவளத்துணைக்கு' என்று எழுதட்டும்.