பலகை மேல் நின்று துணி துவைக்கும் வீடுகள்

போன வாரம் ஹால் ஃபேன் ஓடவில்லை என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். உள்ளே போகிற வழியில் வாஷிங் மெஷின். அதன் முன்னால் ஒரு மரப்பலகை, பலகை மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. என்னவென்று கேட்டேன். "மெஷின் லேசா ஷாக் அடிக்கும் சார். அதான் செருப்பு போட்டு பலகை மேல நின்னு துணி எடுப்போம். ரெண்டு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் வீட்டுக்காரர்.

பக்கத்து அறையில் அவருடைய அம்மா கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து வந்தவர். பலகை விஷயம் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஈரக் காலோடு போய் மூடியைத் தொட்டிருக்கிறார். பதறிப் பின்னால் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. "நான்தான் தம்பி பாக்காமத் தொட்டுட்டேன்" என்று என்னிடம் அவர் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த அம்மா மேல் என்ன தப்பு?

இந்த மாதம் நான் பார்த்த மூன்றாவது பலகை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஆட்களுக்கு யோசனைக்குப் பஞ்சமே இல்லை. பிளக் இல்லாவிட்டால் வயரைச் சீவி ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்கிவிடுவார்கள். ஃபியூஸ் அடிக்கடி போனால் நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவார்கள். மூன்று பின் பிளக் நுழையாவிட்டால் பெரிய பின்னை அறுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் மண்டையைக் கசக்கியிருக்கிறார். ஆனால் அந்த யோசனை எல்லாம் "இதை எப்படிச் சமாளிப்பது" என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. "இது ஏன் வருகிறது" என்று கேட்டிருந்தால் பாதி நேரத்தில் வேலை முடிந்திருக்கும்.

அந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன். மெஷினின் தகட்டுக்கும் எர்த்துக்கும் (கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர்) நடுவில் 110 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் முனையில் வயரே இல்லை. மெயின் போர்டு வரை எர்த் வந்திருக்கிறது, பாத்ரூம் பக்கம் யாரும் இழுக்கவில்லை. ஆறு மீட்டர் பச்சை வயர், அரை மணி நேர வேலை. இதற்குப் பதிலாக இரண்டு வருடம் அந்தக் குடும்பம் பலகை மேல் ஏறி இறங்கியிருக்கிறது. மோட்டாரில் இன்சுலேஷன் போயிருந்தால் அந்தத் தகட்டில் முழு 230 வோல்ட்டும் வந்திருக்கும். அப்போது மணிக்கட்டோடு போயிருக்காது.

"எம்.சி.பி. போட்டிருக்கோமே சார், ஷாக் அடிச்சா அதுவே ஆஃப் ஆயிடாதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். எம்.சி.பி. என்பது போர்டில் இருக்கும், கரண்ட் அளவு மீறினால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச். தயவுசெய்து இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஆகாது. எம்.சி.பி. மனிதனைக் காப்பாற்ற வைத்த பொருள் இல்லை. வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க வைத்தது. 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். ஈரக் கையோடு ஒருவர் கரண்டைத் தொட்டால் அவர் உடம்பு வழியாகப் போவது கால் ஆம்பியருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு இழுப்பதும் அவ்வளவுதான். பல்பு எரிந்தால் எம்.சி.பி. விழுமா? ஒரு ஆள் துடித்துக்கொண்டிருப்பதும் அதற்கு ஒரு பல்பு எரிவதும் ஒன்றுதான். எம்.சி.பி.யால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. உயிர் போக அந்தக் கால் ஆம்பியரே அதிகம். 10 ஆம்பியர் போட்டாலும், 6 போட்டாலும், விலை கூடிய கம்பெனி வாங்கினாலும் இதே கதைதான்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச். ஃபேஸில் (கரண்ட் உள்ளே வரும் வயர்) போன கரண்ட் நியூட்ரலில் (திரும்பிப் போகும் வயர்) அப்படியே திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு வேறு வழியில் கசிந்தாலே விழுந்துவிடும். கால் ஆம்பியர் அளவுக்குக் கசிந்தால் ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்குக்குள் ஆஃப் ஆக வேண்டும் என்பது கணக்கு. அதிலும் ஒரு எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்து, தரையோடு தொடர்பில்லாமல் நிற்கிறவரை அதனாலும் காப்பாற்ற முடியாது. ஓவர்லோடையும் அது பார்க்காது. அதனால் எம்.சி.பி.யும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை.

ஆர்.சி.சி.பி. உள்ள இடத்தில் வேறொரு தலைவலி. "சும்மா சும்மா டிரிப் ஆகுது" என்று அதைத் தாண்டி நேராக ஒரு வயர் போட்டுவிடுகிறார்கள். ஒரு தையல் கடையில் அப்படித்தான் இருந்தது. நேர் வயரை எடுத்துவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப இணைத்தேன். கடைக்காரரிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன்: "டிரிப் ஆகும்போதெல்லாம் காலண்டர் தாள்ல மணியையும், அப்ப என்ன ஓடிச்சுங்கறதையும் எழுதி வைங்க." இரண்டு வாரத்தில் நாலு தாள் சேர்ந்தது. நாலும் மழை நாள், நாலும் சாயங்காலம் ஆறரைக்கு மேல். சாயங்காலம் புதிதாகப் போடுவது எது? பெயர்ப்பலகை லைட். ஏணி போட்டுப் பார்த்தால், அதன் வயரில் டேப் சுற்றிய ஜாயிண்ட் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஜாயிண்ட் இல்லாத ஒரே வயராக மாற்றினேன், அதோடு நின்றது. கண்டுபிடித்தது நான் இல்லை, அவர் எழுதிய தாள்கள்தான். வருவதும் போவதுமாக இருக்கிற எந்தக் கோளாறுக்கும் இதைச் செய்து பாருங்கள். மோட்டார் தண்ணீர் ஏற்ற மறுப்பதோ, ஆபீஸில் பிரிண்டர் மக்கர் பண்ணுவதோ, எதுவானாலும் சரி.

எழுதி வைக்கப் பொறுமை இல்லையா? எல்லா எம்.சி.பி.யையும் ஆஃப் செய்து, பிளக்குகளையும் உருவிவிட்டு, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எது போடும்போது விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. எல்லாம் ஆஃபில் இருக்கும்போதே விழுந்தால் நியூட்ரலில் கசிவு இருக்கலாம். ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டும், அதனால் உங்களுக்கு அது பிடிபடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்வெர்ட்டர் வைத்த மறுநாளிலிருந்து டிரிப் ஆகிறது என்றால், இன்வெர்ட்டர் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் எங்கோ கலந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நானே இந்தத் தவறை நிறைய வீடுகளில் பிரித்து எடுத்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையே எர்த் முனைக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு வருகிறீர்களே, நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த மெஷின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். தெரிந்தே செய்யாதீர்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் செய்யாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: மூன்றாவது பின்னை அறுக்காதீர்கள், சாக்கெட்டை மாற்றுங்கள். ஃபியூஸ் கட்டையில் அதற்குரிய கம்பி மட்டும். கீசரையும் இஸ்திரிப் பெட்டியையும் எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டாதீர்கள். துணி காயப்போடும் இரும்புக் கம்பியை சர்வீஸ் வயர் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர்) பக்கம் கட்டவே கட்டாதீர்கள். நைலான் கயிறு போதும். புயல் நாளில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டு சாக்கெட்டுக்குள் கரண்ட் விடாதீர்கள். அது மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். அங்கே கம்பத்தில் லைன்மேன் இருப்பார்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். உடனே ஆஃப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் பலகை இருந்தால் இப்போதே எழுந்து போய் மெயினை ஆஃப் செய்து, மெஷின் பிளக்கை உருவிவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வரும்வரை கையால் துவைத்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பலகை பழகியிருக்கும். வேலைக்கு வரும் அக்காவுக்கும், லீவுக்கு வரும் பேரப் பிள்ளைக்கும் அது தெரியாது.