ஹார்ன் அடிக்கவில்லை என்று ஸ்டீயரிங்கைக் கழற்றப் போகிறீர்களா?

ஹார்ன் சத்தம் வரவில்லை என்றதும் பலருக்கும் கை முதலில் போவது ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கும் மூடிக்குத்தான். அழுத்துவது அங்கே, அப்படியானால் கோளாறும் அங்கேதான் என்ற எண்ணம். கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்றைய வண்டிகளில் அந்த மூடிதான் ஓட்டுநரின் ஏர்பேக். ஹார்னுக்காக அதைத் தொடவேண்டிய அவசியம் பல நேரம் வருவதே இல்லை.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், ஒருவரை ஹார்னை அழுத்தச் சொல்லிவிட்டு ரிலே (ஹார்னுக்கு மின்சாரத்தை விடும் சின்ன சுவிட்ச் பெட்டி) பக்கம் காதைக் கொடுங்கள். 'டிக்' என்று கேட்டால் ஸ்டீயரிங் பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது. கோளாறு ரிலேயின் காண்டாக்டிலோ, ஒயரிலோ, ஹார்னிலோதான். ஹார்ன் பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னால் இருப்பதால், தண்ணீரும் சேறும் பட்டு டெர்மினல் பச்சை பூத்துவிடும், எர்த்தும் விட்டுப்போகும். ஹார்னுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் அது நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

டிக் சத்தமே இல்லை, ரிலேயும் நல்லது என்றால்தான் ஸ்டீயரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அதற்குள்ளே கிளாக் ஸ்ப்ரிங் என்று ஒரு பாகம் உண்டு. ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் திரும்பினாலும் இணைப்பு அறாமல் இருக்க, பட்டையான ஒயரைச் சுருளாகச் சுற்றி வைத்திருப்பார்கள். ஹார்ன், ஆடியோ பட்டன், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. ஹார்னோடு சேர்ந்து ஆடியோ பட்டன்களும் நின்றுபோய், ஏர்பேக் விளக்கும் எரிந்தால் பெரும்பாலும் அது அறுந்திருக்கும். வெறும் ஹார்ன் தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து ஓட்டாதீர்கள். விபத்து நடந்தால் அந்த ஏர்பேக் விரியாமலே போகலாம்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முன் சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். அதன் பிறகு காத்திருக்க வேண்டும். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். விபத்தில் பேட்டரி இணைப்பு அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். கேபிளை எடுத்த உடனே அது காலியாகாது. காத்திருக்கும் நேரம் வண்டிக்கு வண்டி மாறும். சில நிமிடங்கள் ஆகலாம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. ஏர்பேக் விரிய சுமார் 30 மில்லி செகண்ட் போதும், முகத்தை விலக்க யாராலும் முடியாது.

ஏர்பேக் ஒயரில் மல்டிமீட்டரோ டெஸ்ட் லேம்போ வைக்கவே கூடாது. அந்தச் சின்ன மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். அந்த ஒயர்களின் கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். கழற்றிய ஏர்பேக்கைத் தூக்கும்போது மூடிப் பக்கம் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்க்கட்டும். கீழே வைக்கும்போது மூடி மேலே இருக்க வேண்டும், அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது.

ஸ்டீயரிங்கின் நடு நட்டைத் தளர்த்தியதும் முழுதாக எடுத்துவிடாமல் சில மரை விட்டு வையுங்கள். இல்லையென்றால் இழுக்கும் வேகத்தில் ஸ்டீயரிங் பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும். ஸ்டீயரிங்கும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் வரவில்லை என்றால் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள், சுத்தியல் வேண்டாம். விபத்தில் மடங்குவதற்காகவே செய்யப்பட்ட ஸ்டீயரிங் காலம் (column, ஷாஃப்டைத் தாங்கும் குழாய்) அந்த அடியில் கெட்டுப்போகும். கிளாக் ஸ்ப்ரிங் சுழலாமல் டேப் ஒட்டிவிடுங்கள். நடு நிலை மாறிய நிலையில் மாட்டினால், ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது ஒயர் அறுந்துவிடும்.

மாட்டும்போது நட்டை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். பேட்டரியை இணைக்கும்போது வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வெளியில் கொடுத்து வேலை பார்த்திருந்தாலும், வண்டியை வாங்கும்போது சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு இன்னும் இருக்கிறது. எரியவே இல்லை என்றால் யாராவது விளக்கின் இணைப்பை எடுத்துவிட்டிருக்கலாம். அணைந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏர்பேக் இருப்பதுபோல் காட்டி ஏமாற்ற அதன் ஒயரில் ரெசிஸ்டர் எதுவும் வைத்திருக்கிறீர்களா? அப்படி வைத்தால் விளக்கு மட்டும் அணையும், ஏர்பேக் வேலை செய்யாது.