சொல் விளக்கம்: மியூசிக் தெரபி

இசையின் துணையோடு நோயாளியைத் தேற்றும் துறையான ‘மியூசிக் தெரபி’ கல்லூரிப் பட்டப்படிப்பாக உருப்பெற்றது 1944-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில். இதில் ‘தெரபி’ என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல் ‘தெரபெயா’. பணிவிடை, பராமரிப்பு, நோய் தீர்த்தல் ஆகிய மூன்று பொருளும் அதற்கு உண்டு. உடனிருந்து பணிவிடை செய்பவன் ‘தெரபோன்’. மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என நான்காகப் பகுக்கும் 950-ஆம் குறளில், நோயாளியின் அருகிலிருந்து மருந்தளித்துக் கவனிக்கும் உழைச்செல்வானே இவனுக்கு மிக நெருக்கமானவன்.

இத்துறையில் அடியெடுத்து வைக்கும் மாணவர் உடனிருந்து பேணுதல் என்ற இந்தப் பொருளைப் பற்றிக்கொள்வது நல்லது. இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்ற பட்டியல் இத்துறையின் அடிப்படை அன்று. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியின் நிலையை மதிப்பிட்டு, அவர் எட்ட வேண்டிய இலக்கை வகுத்து, அவரோடு சேர்ந்து இசைத்து, ஏற்படும் மாற்றங்களைப் பதிவுசெய்து வருவதே அடிப்படை. பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் பழுதுபட்டுப் பேச்சிழந்தவர்களுக்கென 1973-இல் வெளியான மெட்டுவழிப் பேச்சுப் பயிற்சியை (Melodic Intonation Therapy) எடுத்துக்கொள்வோம். பயிற்றுநர் நோயாளியின் இடக்கையைப் பிடித்து, ‘தண், ணி, வே, ணும்’ என்று அசைக்கு ஒரு தட்டாகத் தட்டியபடி, உயர்ந்தும் தாழ்ந்தும் வரும் இரண்டே சுரங்களில் முதலில் முனகுகிறார். பின்பு இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். பயிற்றுநரின் குரல் சிறிது சிறிதாக விலக, நோயாளி தனியே பாடி, முடிவில் அதையே இயல்பான பேச்சாகச் சொல்லப் பழகுகிறார்.

தமிழில் ‘இசை மருத்துவம்’, ‘இசைச் சிகிச்சை’ என்ற இரண்டும் வழங்குகின்றன. முன்னது, இசையே மருந்து என்று எண்ண இடம் தருகிறது. ‘சிகிச்சை’ வடசொல், பலருக்கும் பழகியது என்பதால் பொதுமக்களுக்கான அறிவிப்புகளில் அது இருக்கலாம். பாடநூலுக்கு நான் பரிந்துரைப்பது ‘இசைப் பண்டுவம்’. தென்மாவட்டங்களில் ‘பண்டுவம் பார்ப்பது’ என்றால் வைத்தியம் செய்வது மட்டுமன்று, கூடவே இருந்து பேணுவதும்தான். புண்பட்டுக் கிடக்கும் கணவனைக் காக்க யாழும் பல இசைக்கருவிகளும் ஒலிக்க, ஆம்பற்குழல் ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடும்படி தோழியை அழைக்கும் மனைவியைப் புறநானூற்றின் 281-ஆம் பாட்டு காட்டுகிறது. அதை இன்றைய துறையின் தொடக்கம் என்பது மிகை. ஆயினும் இசையும் பேணலும் ஒன்றாக நிற்கும் அக்காட்சிக்குப் பண்டுவம் என்ற சொல் பொருந்துகிறது. இதைச் செய்பவரை ‘இசைப் பண்டுவர்’ எனலாம்.